பூச்சும் பொறியும்

தமிழாசிரியன் ஒருவன் இரும்பைப் பற்றி எழுதத் துணிவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். சென்ற பாடசாலை விடுமுறையில் மூன்று வாரங்களை நான் ஒரு பட்டறையிற் கழித்தேன். அங்கே நான் செய்த வேலை மிகச் சாதாரணமானது. பழைய பொறியொன்றுக்கு வர்ணம் பூசினேன். அதனையும் பிழையாகவே செய்தேன். எனினும், அப்பிழையின் வழியாக நான் கண்ட உண்மையொன்று, உழைப்பைப் பற்றி நான் படித்த நூல்கள் பலவற்றாலும் எனக்கு அத்துணை தெளிவாகவில்லை. ஆதலின் எழுதுகிறேன்.

பட்டறை யாழ்ப்பாணத்தில், ஒரு வீட்டு வளவின் பின்புறத்தே, தகரக் கூரையின் கீழ் உள்ளது. அதன் உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். 1950 இல் தோன்றிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இளமையிலே தொழில் பழகியவர். 1990 இல் போரினால் அத்தொழிற்சாலை நின்றது. அதன்பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் எம்மவர் மண்ணெண்ணெயினால் மோட்டார் வண்டிகளை ஓட்டினர். சைக்கிள் டைனமோவினால் வானொலி கேட்டனர். அந்த வித்தைகளைச் செய்து காட்டிய பல நூறு கைகளுள் இப்பெரியவருடைய கைகளும் இரண்டு.

அவருடன் வேலை செய்யும் இளைஞன் என் பழைய மாணவன். க.பொ.த. சாதாரண தரத்தில் தமிழ்ப் பாடத்திற் சித்தி பெறாதவன். புணர்ச்சி விதி தெரியவில்லையென்று வகுப்பிலே நான் அவனை எழுப்பி நிறுத்திய நாட்கள் பல.

2022 இல் நாட்டில் டொலர் இல்லாதொழிந்தபோது தோட்டக்காரரின் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாயிற்று. உடைந்தவற்றை இவ்விருவருமே கையாற் செய்து கொடுத்தனர். அப்போது பிறந்த எண்ணந்தான் இது. பழைய இரும்பாக விலைக்கு வந்த மில்லிங் பொறி ஒன்றை, அதாவது சுழலும் வெட்டலகினால் உலோகத்தைச் செதுக்கும் பொறியை, அவர்கள் வாங்கியிருந்தனர். அதனைக் கணினியின் எண் கட்டளைக்கு இயங்கும் சி.என்.சி. பொறியாக மாற்றிவிடலாம் என்றான் இளைஞன்.

மாற்றத்தின் சாரம் இதுதான். மேசையை நகர்த்தும் கைப்பிடிகளின் இடத்தில் மோட்டர்கள் அமரும். அம்மோட்டர் ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்துச் சுழலும். ஒரு சுற்றுக்கு மேசை 5 மில்லிமீற்றர் நகருமாயின், ஒரு படிக்கு 0.025 மில்லிமீற்றர் நகரும். பழைய திருகுதண்டிலே ஒரு குறையுண்டு. கைப்பிடியை எதிர்ப்புறம் திருப்பினால், அது சிறிது வெறுமனே சுழன்ற பின்னரே மேசை அசையும். பழகிய கை அவ்வெறுமையை அறிந்து ஈடுசெய்யும். மோட்டர் தானாக அறியாது. ஆகவே, புரிகளுக்கிடையே உருக்குக் குண்டுகள் உருளும் புதிய திருகுதண்டுகளைப் பொருத்த வேண்டும்.

கட்டளை மொழியையும் அவன் எனக்குக் காட்டினான். ஜி 0 என்றால் விரைந்து செல். ஜி 1 என்றால் குறித்த வேகத்தில் நேராக வெட்டிச் செல். ஜி 2 என்றால் வலஞ்சுழியாக வளைந்து செல். ஏவல் வினைகளே நிறைந்த மொழி. எழுத்தொன்று பிசகினாற் பொறி பழுதாகும். அம்மொழியைப் பிழையின்றி எழுதுபவனைத்தான் மொழியறிவு அற்றவனென்று நான் முடிவு செய்திருந்தேன்.

பெரியவர் இவற்றையெல்லாம் பேசாமற் பார்த்திருந்தார். ஒரு மாலை என்னிடம் மாத்திரம் மெல்லக் கேட்டார்: “மாஸ்ரர், இது ஓடத் துவங்கினாப் பிறகு என்ரை கைக்கு என்ன வேலை?”

என்னிடம் விடையில்லை. தூரிகையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பூச்சு வேலையென்பது பெரும்பாலும் பூசுவதன்று, துப்புரவாக்குவது. மண்ணெண்ணெயினாற் பழைய கிறீசைக் கழுவி, கம்பித் தூரிகையாற் கறையைச் சுரண்டி, செந்நிற முதற்பூச்சைப் பூசி, வார்ப்பிரும்பின் பள்ளங்களைப் பட்டியால் நிரப்பி, அரத்தாளால் தேய்த்து, அதன் பின்னரே இனாமல் வர்ணம் இரு தடவை. எங்கள் கடற்காற்றில் உப்புண்டு. சுரண்டிய இரும்பை மறுநாள் வரை வெறுமனே விட்டால் மீண்டும் துரு பூக்கும். எனவே சுரண்டிய அன்றே முதற்பூச்சு முடிய வேண்டும்.

பெரியவர் சொன்னார்: “பெயின்ற் அடிக்கிறது பெரிய வேலையில்லை, மாஸ்ரர். எங்கை அடிக்கக் கூடாது எண்டு தெரியிறதுதான் வேலை.”

மேசை வழுக்கியோடும் பரப்பில் வர்ணம் படலாகாது. அங்கே முன்னொரு தொழிலாளி கையாற் சுரண்டிய பிறைவடிவத் தழும்புகள் இருந்தன. எண்ணெயைத் தாங்கி நிற்பவை அவைதாம். ஆணித் துளைகளைத் துணியால் அடைத்தல் வேண்டும். மின்னின் புவிக்கம்பி தொடுமிடம் வெறும் இரும்பாகவே இருத்தல் வேண்டும். இல்லையேற் பொறியைத் தொடுபவனின் உயிருக்கே ஆபத்து. உறுப்போடு உறுப்புப் பொருந்தும் முகங்களிலும் வர்ணம் ஆகாது. இவ்வளவையுங் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தூண் வந்து அமரும் பீடத்தின் பின்விளிம்பில் என் தூரிகை வழிந்ததை நான் கவனியாது விட்டேன்.

பொறி பூட்டப்பட்டது. அலுவலகமொன்று கழித்துவிட்ட பழைய கணினி மேசைக்கு வந்தது. முதல் அலுமினியத் துண்டு வெட்டப்பட்டது. அதன் பரப்பிலே விரலை வைத்தால், படிக்கட்டுப் போல வரிகள் தட்டுப்பட்டன. இளைஞன் இரண்டு நாட்கள் கட்டளைகளை வரிவரியாகத் திருத்தினான், மோட்டர்களைச் சோதித்தான். பயனில்லை.

மூன்றாம் நாள் பெரியவர் அத்துண்டை எடுத்து நகத்தால் வருடிப் பார்த்தார். “இது எழுத்துப் பிழையில்லைத் தம்பி. தூண் சாய்ஞ்சு நிக்குது” என்றார். சுழலும் தண்டிலே டயல் கேஜைக் கட்டி, 200 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு வட்டம் கையாற் சுற்றினார். முன்னுக்கும் பின்னுக்கும் பத்திலொரு மில்லிமீற்றர் வித்தியாசம். தூணைக் கழற்றிச் சங்கிலிக் கப்பியால் உயர்த்தியபோது, பின்விளிம்பிலே என் பச்சை வர்ணம் பளபளத்தது.

நான் தலை குனிந்தேன். மாணவன் சொன்னான்: “பரவாயில்லை சேர். நானும் ரெண்டு நாளாப் பிழையான இடத்திலைதானே தேடினனான்.” பிழைவிட்ட அவனை எழுப்பி நிறுத்திய என்னை, அவன் நிறுத்தவில்லை.

வர்ணம் சுரண்டப்பட்டது, தூண் நிமிர்ந்தது. அடுத்து வந்த வேலைதான் பெரியவரின் கேள்விக்கு ஒரு விடையாக அமைந்தது. தேய்ந்துபோன இயந்திர மூடி ஒன்று, வரைபடம் கிடையாது. கணினியோடு இணைத்த சிறு கைச்சக்கரத்தைப் பெரியவர் திருப்பி, வெட்டலகின் நுனியை மூடியின் விளிம்பில் ஒவ்வோரிடமாகக் கொண்டு நிறுத்தினார். தேய்ந்த இடங்களில் அதன் பழைய எல்லை எங்கே இருந்திருக்குமென்று அவரே தீர்மானித்தார். இளைஞன் ஒவ்வொரு புள்ளியையும் பதிந்தான். அப்பதிவிலிருந்து கட்டளை பிறந்தது. மாலைக்குள் மூடியும் பிறந்தது. பொறி செயற்படுத்தாது கடந்து செல்லும் குறிப்பு வரியில், கட்டளையின் தலைப்பில், அவன் பெரியவரின் பெயரை எழுதியிருந்தான்.

இவர்கள் செய்தது புதிதன்று. அமெரிக்காவில் ஜோன் பார்சன்ஸ் தொடக்கிய முயற்சிக்கு 1949 இல் விமானப்படையின் பணம் கிடைத்தது. 1952 இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், துளையிட்ட நாடாவின் கட்டளைக்கு இயங்கும் பொறியைக் காட்சிக்கு வைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இன்னொரு முறையும் இருந்தது: தேர்ந்த தொழிலாளி ஒருமுறை பொறியை இயக்க, அவனது அசைவுகளை நாடாவிற் பதிந்து மீள ஓட்டுவது. அம்முறை கைவிடப்பட்டது. சிக்கலான விமான உறுப்புகளுக்கு அது போதாதென்பது ஒரு காரணம். திறனைத் தொழிலாளியின் கையிலிருந்து நிருவாகத்தின் அறைக்கு மாற்றும் விருப்பமும் காரணமென்று, டேவிட் நோபிள் 1984 இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். பொறி வேறு, அதனை முதலாளி பயன்படுத்தும் முறை வேறு என்பதைத் தொழிலாளர் பிரித்தறியக் காலம் எடுத்தது என்று மார்க்ஸ் 1867 இல் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் எழுதியதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

படைப் பணத்தில் வளர்ந்த அவ்வித்தை இன்று எங்கள் தகரக் கூரையின் கீழும் வந்துவிட்டது. இளைஞன் பயன்படுத்தும் லினக்ஸ் சி.என்.சி. என்னும் மென்பொருள், 1990களில் அமெரிக்க அரச நிறுவனமொன்றில் வேரூன்றி, யாவரும் இலவசமாக எடுத்துத் திருத்தத்தக்கதாகப் பொதுவில் விடப்பட்டது. அதனாலேயே அது எம்மையும் எட்டியது.

இதனால் எல்லாம் நன்மையாய் முடிந்ததென்று நான் கூறவில்லை. நாளை இப்பட்டறை ஒரு பணக்காரனின் கைக்குப் போனால், பதிவுகள் எஞ்சும், பெரியவர் வேண்டாதவராவார். ஐம்பது மூடிகள் அவர் இல்லாமலே வெட்டப்படும். அவருடைய அச்சம் அறியாமையன்று, அனுபவம். இன்று அவரைக் காப்பது பொறியின் நற்குணமன்று. பட்டறை அவர் கையிலும், கட்டளை அவரை மதிக்கும் இளைஞனின் கையிலும் இருப்பதே.

விடுமுறை முடிந்துவிட்டது. என் நகக்கண்ணிற் பச்சை வர்ணம் இன்னும் முற்றாகப் போகவில்லை. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போது, சிவப்புப் பேனாவை எங்கே வைக்கலாகாது என்று நான் இப்போது யோசிக்கிறேன். அவர்களில் எவரெவர் நாளை பொறிகளுக்குக் கட்டளை எழுதுவர், எவரெவர் அக்கட்டளைக்கு அடங்கிக் கூலிக்கு நிற்பர் என்பது அவர்களுடைய திறமையை மாத்திரம் பொறுத்ததன்று. அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை ஆசிரியர்களாகிய நாமும் நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.