பனிக்கடலில் விளையும் மருந்து

மருந்து எங்கே விளைகிறது என்று கேட்டால், நம் வீட்டுப் பாட்டிமார்கள் தயங்காமல் கொல்லைப்புறத்தைக் காட்டுவார்கள். துளசியும் தூதுவளையும் ஆடாதோடையும் அங்கேதானே இருக்கின்றன? பேரப்பிள்ளைகளோ தெருக்கோடி மருந்துக் கடையைக் காட்டுவார்கள். பூமியின் தென்கோடியில் பனிப்பாறைகள் மிதக்கும் சமுத்திரத்தை இரு சாராரும் காட்டமாட்டார்கள். விஞ்ஞானிகள் சிலர் அங்கேதான் மருந்து தேடி முழுகிக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் இருபது வருஷ காலமாகப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் போதித்து வருகிறோம். கிருமி என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியவுடனேயே பிள்ளைகள் முகம் சுளிப்பது வழக்கம். காலரா, டைபாயிடு, க்ஷயம் என்று சத்துருக்களின் ஜாபிதாவை ஒப்புவித்துப் பழகியவர்கள் அல்லவா! க்ஷய ரோகத்தை அடக்கிய ஸ்ட்ரெப்டோமைஸின், 1943-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவருடைய ஆராய்ச்சிசாலையில் அவருடைய மாணாக்கர் ஷாட்ஸ் கண்டெடுத்தது. அதை உண்டாக்கித் தந்ததும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரே என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

பிறகு எத்தனையோ பேர் மண்ணைக் கிளறினார்கள். நாளடைவில் கண்ட மருந்துகளையே மறுபடியும் காணலானார்கள். நோய்க் கிருமிகளோ பழைய மருந்துகளுக்கு அஞ்சாமலிருக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. ஆகவே ஆராய்ச்சியாளர்களின் பார்வை கடலின் பக்கம் திரும்பியது. வெதுவெதுப்பான கடல்களோடு குளிர்ந்த கடல்களையும் அவர்கள் விடவில்லை.

“அவ்வளவு குளிரில் உயிர் எப்படி ஸார் பிழைக்கும்?” என்று ஒரு பெண் நம்மிடம் கேட்டாள். நல்ல கேள்வி. மார்கழி மாதத்தில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. குளிர்கடல் நுண்ணுயிர்கள் தங்கள் மேலுறையில் நல்லெண்ணெயைப் போல் இளகியே நிற்கும் கொழுப்பை அதிகமாக வைத்துக்கொள்கின்றன. வாழும் வகை இப்படி மாறும்போது, அவை செய்யும் ரஸாயனப் பொருள்களும் புதுமையாக இருக்கலாம் அல்லவா? ஆராய்ச்சியாளர்களின் நம்பிக்கை அதுதான்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறோம். அண்டார்க்டிக் தீபகற்பத்தை அடுத்த ஆன்வர்ஸ் தீவில் பால்மர் நிலையம் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் அருகே கடலடிப் பாறைகளில் பை போன்ற ஒரு மெல்லுடல் பிராணி ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அதற்கு ஓடக் காலில்லை, ஒளிய ஓடில்லை. தென் புளோரிடா சர்வகலாசாலையைச் சேர்ந்த பில் பேக்கரும் அவர் சகாக்களும் அதிலிருந்து ‘பால்மரோலைடு ஏ’ என்ற பொருளைப் பிரித்தெடுத்து 2006-ல் வெளியிட்டார்கள். மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயின் அணுக்களை ஆராய்ச்சிசாலையில் வளர்த்து, அவற்றின் மேல் அதை இட்டார்கள். மிகச் சொற்ப அளவிலேயே அது அவற்றைக் கொன்றது. அணுவுக்குள் அமிலத்தை இறைக்கும் ஏற்றம் ஒன்று உண்டு. அந்த ஏற்றத்தை இந்தப் பொருள் நிறுத்திவிடுகிறது.

மருந்தைச் செய்வது பிராணிதானா? இல்லை! அதன் உடலுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியமே அதற்கான ஜீன்களை வைத்திருக்கிறது என்று நெவாடாவிலுள்ள பாலைவன ஆராய்ச்சி நிலையத்தின் அலிஸன் மர்ரேயும் மற்றவர்களும் 2021-ல் தெரிவித்தார்கள். அந்த ஜீன் தொகுதியில் ஐந்து பிரதிகள் அதனிடம் இருந்தனவாம். வீட்டுக்காரர் பேரில் இருந்த கீர்த்தி குடித்தனக்காரருக்குப் போய்விட்டது.

இது வெறும் கீர்த்தி விஷயம் அல்ல. பிராணியிலிருந்துதான் மருந்து எடுக்கவேண்டும் என்றால், அந்தக் கடலடியையே சுரண்டி எடுக்க நேரும். ஜீன்கள் இன்னவை என்று தெரிந்துவிட்டால், வளர்க்க எளிதான வேறொரு நுண்ணுயிரில் அவற்றைப் புகுத்தி வேலை வாங்க முயலலாம். கடலும் பிழைக்கும், நோயாளியும் பிழைக்க வழி உண்டாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். நம்முடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரின் மனைவிக்குப் புற்றுநோய். ‘கடலில் கிடைத்தது அற்புத மருந்து’ என்ற பத்திரிகைத் துணுக்கைக் கத்தரித்துக்கொண்டு வந்து, “இது எந்த ஊரில் விற்கும்?” என்று அவர் கேட்டார். கண்ணாடித் தட்டில் அணுவைக் கொல்வது வேறு, மனிதரைக் குணப்படுத்துவது வேறு என்று அவரிடம் சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை, ஆயினும் சொன்னோம். பால்மரோலைடு இன்னும் எந்த மருந்துக் கடைக்கும் வரவில்லை. பொருளைக் கண்ட பிறகு, அதைச் செய்தவர் யார் என்று அறியவே பதினைந்து வருஷம் பிடித்தது. துன்பப்படுகிறவர்களிடம் நம்பிக்கையை அவசரப்பட்டு விற்பது பாபம்.

அதற்காக ஆராய்ச்சியே வீண் என்று சொல்வதும் பிசகு. அண்டார்க்டிக் தீபகற்பம் வேகமாக வெப்பமடைந்திருக்கும் பிரதேசம். அந்தக் குளிரை நம்பி வாழும் உயிர்கள், நாம் அறிமுகம் செய்துகொள்ளுமுன்பே போய்விடக்கூடும். அண்டார்க்டிக் உடன்படிக்கையில் நம் தேசமும் 1983-ல் சேர்ந்தது. 2012 முதல் ‘பாரதி’ என்ற நம் நிலையமும் அங்கே இருக்கிறது. ஆதலால் அந்தக் கடலைக் காப்பதில் நமக்கும் பொறுப்பு உண்டு.

“டாக்டருக்குப் படி” என்று பிள்ளைகளை நெருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து எழுதிக் கொடுப்பவர் எவ்வளவு முக்கியமோ, மருந்தைத் தேடிப் பனிக்கடலில் முழுகுபவரும் அவ்வளவு முக்கியம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் தடுக்காதீர்கள். கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்பி வையுங்கள்.