இருப்பு வேறு, உற்பத்தி வேறு

ஆதனக்கோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்கு வருகிறவர்களுக்கு அந்த முந்திரிக் கடைகள் தெரியாமல் இருக்காது. ஒரு கடையில் பருப்பு மலை போலக் குவிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று காலை அங்கே கொட்டை உடைத்தார்களா? குவியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. போன வாரத்துச் சரக்காகவும் இருக்கலாம். பி.காம். முதல் வருடப் பாடம்தான்: இருப்பு வேறு, உற்பத்தி வேறு.

வைரஸ் புகுந்த செல்லை ஆராய்கிறவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் எந்திரம் ரைபோசோம். (இதன் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.) போலியோ வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோம் கிடையாது. வந்த வீட்டு அடுப்பில்தான் சமையல். அதோடு விட்டதா? சில மணி நேரத்தில் வீட்டுக்காரர் உலை வைக்க முடியாமல் செய்துவிடும்! ஆனால் செல்லில் இருக்கும் மொத்தப் புரதத்தை அளந்தால் இது சட்டென்று தெரியாது. பழைய சரக்குதான் கண்ணை மறைக்கிறதே.

அதனால் இன்று வரும் மூலப்பொருளில் மட்டும் அடையாளம் வைக்கிறார்கள். மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இல்லாத கரைசலில் செல்களைக் கொஞ்ச நேரம் பட்டினி போட்டு, பிறகு கதிரியக்கக் கந்தகம்-35 கொண்ட மெத்தியோனினை அரை மணி நேரம் போலக் கொடுக்கிறார்கள். அந்த அரை மணியில் உருவான புரதத்தில் மட்டும் கதிரியக்கம் இருக்கும். புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து ஃபிலிமில் பதித்தால் கறுப்புக் கோடுகள். போலியோ தொற்றிய செல்லில் நேரம் ஆக ஆகச் செல்லின் கோடுகள் மங்கும், வைரஸின் கோடுகள் தடிக்கும்.

எப்படி? செல்லின் தூது ஆர்.என்.ஏ.வுக்குத் தலையில் ஒரு தொப்பி உண்டு. அதை ரைபோசோமோடு இணைக்க உதவும் புரதத்தைப் போலியோ வெட்டிவிடுகிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்குத் தொப்பி தேவையில்லை, தனி வாசல் இருக்கிறது. இது 1988-ல் தெரியவந்தது. ஒரே ஆர்.என்.ஏ.வில் இரண்டு புரதங்களுக்கான செய்தியை வைத்து, நடுவே வைரஸ் துண்டைச் செருகினார்கள். தொப்பியின் தயவில்லாமலே இரண்டாவது புரதமும் வந்தது. ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சௌமித்ர தாஸ் குழுவினர் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சரி, இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? மருந்துக்குத்தான். சொட்டு மருந்து போலியோ வராமல் தடுக்கும். வந்தபின் குணமாக்க இன்றுவரை மருந்தில்லை. வைரஸ் புரதம் நின்றது என்பதை மட்டும் பார்த்து ஒரு ரசாயனத்தைக் கொண்டாட முடியாது. சைக்ளோஹெக்ஸிமைடு என்றொரு பொருள் செல்லின் புரதத் தயாரிப்பையும் சேர்த்தே நிறுத்திவிடும். அது விஷம், மருந்தல்ல. வைரஸ் கோடு மங்க வேண்டும், செல்லின் கோடு மங்கக் கூடாது.

மொத்தத்தை மட்டும் பார்ப்பதும் ஆபத்துதான். கடையில் வியாபாரம் அதே அளவு நடக்கலாம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மாறியிருப்பார்!