காதுப்பட்டையும் புர்தாவும்





மார்கழி, தை மாதங்களில் எங்கள் கடலூர்க் கரையில் வீசும் வாடைக்காற்றை ஊட்டிக் குளிரோடு ஒப்பிட முடியாதுதான். ஆயினும் ஃபஜ்ருக்கு உளூச் செய்த ஈரக் காதுகளோடு பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் 78 வயது முதியவருக்கு அதுவே போதுமான குளிர். அந்த முதியவர் என் அத்தா. கடலூர் முதுநகரில் வசிக்கிறார். நான் மணமாகிச் சிதம்பரம் வந்து, இங்கே ஒரு பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்தி வருகிறேன்.

ஒரு டிசம்பரில் அத்தாவுக்குக் காதுவலி கண்டது. குளிர்காற்று படாமல் பார்த்துக்கொள்ளுமாறு மருத்துவர் கூறினார். கடையில் குரங்குக் குல்லா வாங்கிக் கொடுத்தோம். இரண்டே நாளில் கழற்றி வைத்துவிட்டார். பின்னால் வரும் வண்டியின் ஓசை கேட்கவில்லை, இமாமின் கிராஅத்தும் தெளிவாக இல்லை, ஸஜ்தாவில் நெற்றியை மறைக்கிறது என்று மூன்று காரணங்கள் சொன்னார்.

"கடுங்குளிரிலும் மழையிலும் வீட்டிலேயே தொழுதுகொள்ள மார்க்கத்தில் சலுகை இருக்கிறதே அத்தா" என்றேன்.

"சலுகை இருக்குதும்மா. தேவைப்படுறப்ப எடுத்துக்கிறேன். இப்போதைக்குக் காதை மட்டும் மூடினாப் போதும்" என்றார்.

காதை மட்டும் மூடும் ஒன்றை என் கையாலேயே செய்து கொடுக்க விரும்பினேன். எனக்குக் குரோஷே தெரியாது. என்னிடம் ஓதும் 14 வயது மாணவி ஒருத்தி கைப்பேசிக் காணொலிகளைப் பார்த்துப் பழகியிருந்தாள். அஸருக்குப் பின் அவளே எனக்கு ஆசிரியையானாள். மக்ரஜ் பிழைக்காக நான் நாள்தோறும் திருத்தும் பிள்ளை, "உஸ்தாபி, நூலை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க" என்று என்னைத் திருத்தினாள். பன்னிரண்டு கண்ணிகள் இருக்க வேண்டிய வரிசையில் எனக்கு ஒன்பதே எஞ்சின. ஒரு முனையை இழுத்தாள். ஒரு மாலைப் பொழுதின் உழைப்பு நொடியில் நூலாகிவிட்டது. உறுதியாக நூற்றதைப் பிரித்துப் போட்ட பெண்ணைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் கூறும் உவமையை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். பிரியும் நூலைக் கண்ணெதிரே கண்டது அன்றுதான்.

புதிதாகப் பழகுவோருக்காகச் செய்முறையைச் சொல்கிறேன். 5 மில்லிமீட்டர் குரோஷே ஊசியும் சற்றுத் தடித்த உல்லன் நூலும் போதும். முதலில் 13 சங்கிலிக் கண்ணிகள் போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது கண்ணியில் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி அவ்விரண்டின் வழியாகவும் இழுங்கள். இப்படியே இறுதிவரை சென்றால் 12 கண்ணிகள் கிடைக்கும். பின்னலைத் திருப்பி, ஒரு சங்கிலி போட்டு, அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். இனி ஒவ்வொரு கண்ணியிலும் பின்புற இழையில் மட்டும் ஊசியை நுழைக்க வேண்டும். அதனால் வரிவரியாக மேடு தோன்றிப் பட்டை நன்கு நீண்டு கொடுக்கும். வரிசை முடிந்ததும் 12 இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். நான் தவறியது அங்கேதான். தலைச்சுற்றளவைவிட 5 சென்டிமீட்டர் குறைவாக நீளம் வந்ததும் இருமுனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம்.

தைத்த இடத்தில் அதே நூலைப் பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். அங்கே பட்டை பாதியாகக் குறுகும். அந்தக் குறுகிய பகுதி முன்பக்கம், முடி தொடங்கும் இடத்துக்கு மேலே வரவேண்டும். அகன்ற பகுதி காதுகளை மூடும். இது அழகுக்காக மட்டுமன்று. ஷாஃபிஈ மத்ஹபில் ஸஜ்தாவின்போது நெற்றியின் ஒரு பகுதியேனும் திரையின்றித் தரையில் படவேண்டும். ஹனஃபி மத்ஹபில் மறைத்திருந்தாலும் தொழுகை நிறைவேறும். எனினும் காரணமின்றி மறைப்பது விரும்பத்தக்கதன்று. உளூவின்போது பட்டையைக் கழற்றித் தலைக்கும் காதுகளுக்கும் மஸஹு செய்து, ஈரத்தைத் துடைத்தபின் அணிய வேண்டும்.

ஒன்பது மாலைகள் ஆயின. சாம்பல் நிறப் பட்டையைக் கடலூருக்குக் கொண்டுபோய் அத்தாவின் தலையில் நானே மாட்டிவிட்டேன். "அல்ஹம்துலில்லாஹ், நீ பேசுறதும் கேக்குது" என்று சிரித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கேட்டபோது, பட்டை அவரிடம் இல்லை. பள்ளிவாசல் போகும் வழியில் இரவுக் காவல் பார்க்கும் பெரியவர் ஒருவர், "நல்லா இருக்கே பாய், எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாராம். அத்தா அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு மனம் சுருங்கிவிட்டது. கடையில் வாங்கியதைக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. மறுநாள் வழக்கமாகச் செய்யும் அழைப்பை நான் செய்யவில்லை.

மதரஸாவில் அந்த மாணவி, "அத்தா போட்டுக்கிட்டாங்களா உஸ்தாபி?" என்று ஆவலோடு கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். சற்றே யோசித்து, "நீங்க நடத்தின புர்தா ஹதீஸ் மாதிரியே இருக்கு" என்றாள்.

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவித்து, ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி அது. ஒரு பெண்மணி தம் கையாலேயே நெய்த, கரை வைத்த போர்வையை நபி (ஸல்) அவர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. அதை அணிந்து வந்தபோது ஒருவர் கேட்க, கொடுத்துவிட்டார்கள். கேட்டவரை மற்றவர்கள் கடிந்துகொண்டனர். தம் கஃபனாக வேண்டுமென்றே கேட்டதாக அவர் சொன்னார். அவ்வாறே அது அவருடைய கஃபனாயிற்று.

இந்த ஹதீஸை நான் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். நபியவர்களின் கொடைத்தன்மையைச் சொல்வேன்; கேட்டவரின் எண்ணத்தைச் சொல்வேன். நெய்த பெண்மணியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அவர் எத்தனை நாள் தறியில் இருந்தார்? போர்வை கைமாறியதை அறிந்தபோது அவர் மனம் எப்படி இருந்தது? அறிவிப்பில் அது இல்லை; அவர் பெயரும் இல்லை.

பின்னுகிற பெண்களின் நிலை பெரும்பாலும் அதுதான். ஆந்திராவின் நரசாபுரத்துக் குரோஷே லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஊர்ப் பெண்கள் உலகச் சந்தைக்காகப் பின்னியும் உழைப்பாளிகளாக எண்ணப்படாமல், வீட்டில் பொழுதுபோக்குவோராகவே கருதப்பட்டார்கள் என்று மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1982இலேயே எழுதினார். கையுழைப்பை மறப்பவர்கள் வெளியில் மட்டும் இல்லை. பாடம் நடத்தும் நானும் மறந்திருந்தேன்.

அன்றிரவு அத்தாவை அழைத்தேன். நான் எதுவும் கேட்கவில்லை; அவரே சொன்னார்: "உன்னைக் கேட்டா எனக்கு இன்னொண்ணு கிடைக்கும்மா. அவருக்குப் பின்னிக் கொடுக்க யாரு இருக்கா?"

வருத்தம் உடனே முழுவதும் நீங்கிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். இரண்டாவது பட்டையின் பாதியைப் பின்னும்வரை அது இருந்தது. அது மூன்றே மாலைகளில் முடிந்தது. ஒரு வரிசையிலும் கண்ணி தவறவில்லை. அடுத்த முறை கடலூர் சென்றபோது, விடியலில் அத்தாவை ஒட்டி நடந்தேன். காவல் பெரியவர் சாம்பல் நிறப் பட்டையோடு நாற்காலியில் அமர்ந்திருந்தார். அத்தா பச்சை நிறப் பட்டையோடு அவருக்குக் கையசைத்தார். அதை யார் பின்னியது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நம் கைகளின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. கொடுத்தபின் அதைத் திரும்பிப் பாராத மனத்தையும் தருவானாக. ஆமீன்.