மண்ணெண்ணெய்த் துளை

இந்த வயதில் பழைய கார் திருத்தும் ஆசை எதற்கு என்று கேட்காத நண்பர்கள் எனக்குக் குறைவு. 2020 மார்ச்சில் நாட்டிற்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் வழி திறந்தது 2025 தொடக்கத்தில்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் ஓடக்கூடிய எந்தத் தகரமும் பொன் விலைக்குப் போனது. பத்திரிகைக்காரனின் சேமிப்புக்கு எட்டியது ஓடாத தகரம் மட்டுமே. அப்படி வந்து சேர்ந்ததுதான் 1960ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். வடமராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் நான்கு கற்களின் மேல் நின்றதைப் பார ஊர்தியில் ஏற்றிக் கல்லடிக்குக் கொண்டுவந்தோம். வழியில் இருந்த சோதனைச் சாவடிகளைவிட, வழியில் கண்டவர்கள் கேட்ட கேள்விகள் அதிகம்.

மொறிஸ் மைனரைப் பற்றி ஒரு கதை உண்டு. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஏறத்தாழ முடிந்த கட்டத்தில் அதன் அகலம் போதாது என்று கருதினார். காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் அந்தத் தட்டையான மேட்டுப் பட்டி, அறுத்து ஒட்டிய அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு. 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி 1970களின் வாசல் வரை உற்பத்தியான இந்தக் கார், பத்து இலட்சத்தைத் தாண்டி விற்ற முதலாவது பிரித்தானியக் கார். பிறக்கும்போதே மாற்றியமைக்கப்பட்ட வாகனம் இது. "அசல் நிலை" என்ற சொல்லை இதன் முன்னால் நின்று உச்சரிப்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும். இதைப் பின்னால் விளக்குகிறேன்.

எங்கள் ஊர் பழைய இரும்புக்கு ஏற்ற ஊரன்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் உவர்நீர் வாவி. கல்லடியில் இரண்டுக்கும் நடுவே வாழ்கிறோம். காற்றிலேயே உப்பு. மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். ஆகையால் வாசலுக்குக் கீழுள்ள பெட்டி போன்ற பகுதியும், பின் வில்தகடுகளைத் தாங்கும் இடமும், முன்பக்கக் குறுக்குச் சட்டமும் துருப்பிடித்தால், வெளியே வர்ணம் எவ்வளவு பளபளத்தாலும் அது கார் அல்ல, கார் வடிவத்திலுள்ள ஆபத்து. விற்பனைக்கு வரும் பழைய கார்களில் இந்த இடங்களில் புட்டியை அப்பி மறைத்திருப்பார்கள். வாங்குபவர்கள் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. இந்த ஒரு காரியத்துக்காகவே இக்கட்டுரையை எழுதலாம்.

எனக்கு வாய்த்த மெக்கானிக் எழுபதைத் தாண்டியவர். அவரிடம் வேலை பழகும் இளைஞன் ஒருவனும் உண்டு. எஞ்சினை இறக்கி மேசையில் வைத்த நாளில் அந்த இளைஞன்தான் முதலில் கண்டான். கார்பரேற்றருக்குப் பக்கத்தில், காற்று உட்செல்லும் குழாயின் சுவரில், தொழிற்சாலையில் போட்டிராத ஒரு சிறு துளை. அதில் ஒரு பித்தளை மூக்கு, கவனமாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது.

"சேர், இத அடைச்சா ஒரிஜினலா வந்திரும்" என்றான்.

பெரியவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, விரலால் தடவிப் பார்த்தார். "இது நம்மட ஊர் வேலை இல்ல தம்பி. யாழ்ப்பாணத்து வேலை. மண்ணெண்ணெயில ஓடியிருக்கு."

வெளிநாடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. மண்ணெண்ணெய் அளவோடு வந்தது. பெற்றோல் வரவில்லை, வந்த சொற்பமும் விலை வைத்து வாங்க இயலாதது. அப்போது உயிர் பெற்றவை ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள். புதிய ஜப்பானியக் கார்கள் தரமான பெற்றோல் இல்லாமல் முற்றத்தில் உறங்கின. பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு. ஆகவே மட்டமான எரிபொருளையும் ஓரளவு சகித்துக்கொண்டன.

ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே முதலில் சில துளி பெற்றோல் வேண்டும். ஒரு சிறு போத்தல், அதிலிருந்து சேலைன் ஏற்றும் குழாய், அந்தக் குழாய் வந்து சேரும் இடம் இந்தப் பித்தளை மூக்கு. நோயாளிக்கு ஏற்றுவது போலத் துளித்துளியாகப் பெற்றோலை ஊட்டி எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இழுவை குறையும், எஞ்சின் தட்டும், வெண்புகையும் நாற்றமும் தெருவை நிறைக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். அடிக்கடி எண்ணெய் மாற்றாவிட்டால் தாங்கிகள் தேய்ந்துபோகும். எங்கள் எஞ்சினிலும் தாங்கிகள் அப்படித்தான் தேய்ந்திருந்தன. பிள்ளைப்பேற்றுக்குப் போன பெண்களும், ஷெல் பட்டவர்களும், திருமணத்துக்குப் போன மாப்பிள்ளைகளும் இப்படிப்பட்ட வண்டிகளில்தான் போனார்கள்.

இதே 1990களில் இதே தீவின் தெற்கே, காலிப் பக்கத்தில், மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்களைக் கையால் அடித்துச் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். பாத் நகரில் மொறிஸ் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவரின் முயற்சி அது. காரை எறியாமல் காலமெல்லாம் திருத்திப் பயன்படுத்தலாம் என்பது அவர் கொள்கை. அதற்காக நூலே எழுதியவர். அவர் கொள்கையாகச் சொன்னதை வடக்கில் வேறு வழியில்லாமல் செய்தார்கள். ஒரே தீவு, ஒரே கார், ஒரே பத்தாண்டு; ஒருவர் பணிமனையை மற்றவர் கண்டதில்லை.

எஞ்சினை என்ன செய்வது என்பதில் வீட்டிலும் கராஜிலும் நீண்ட விவாதம். இலங்கையில் மைனர் வைத்திருப்போர் பலர் நிசான் ஏ12 எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பொருத்திவிடுகிறார்கள். இழுவை கூடும், பாகங்கள் கிடைக்கும்; இளைஞனின் கட்சி அது. பெரியவர் மறுக்கவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை. இறுதியில் பழைய 948 சிசி எஞ்சினையே மறுபடி கட்டுவதென்று தீர்மானித்தேன். டைனமோவுக்குப் பதிலாக ஒல்டனேற்றர், முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் ஆகிய இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். திருகோணமலை வீதியில் இன்று ஓடும் பேருந்துகளின் வேகத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பிரேக்கைக் குறைசொல்ல மாட்டார்கள். துளையை அடைக்க வேண்டாம், மூக்குக்கு ஒரு மூடி மட்டும் போடுங்கள் என்றேன். இளைஞனுக்குச் சம்மதமில்லை. கண்காட்சிக்கு வைத்தால் புள்ளி குறையும் என்றான். குறையட்டும்.

இலக்கத்தகடு இன்னொரு சங்கதி. இந்தக் காருக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்துக் கொண்ட தகடு. 1957 தொடக்கத்தில் அந்த எழுத்து கட்டாயமாக்கப்பட்டதும், தமிழ்ப் பகுதிகளில் அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதும் போராட்டம் நடந்ததும் மூத்தோருக்குத் தெரியும். 1958 ஏப்ரலில் தந்தை செல்வா அந்த எழுத்தை அழித்து, தண்டனை பெற்றுச் சிறை சென்றது எங்கள் மட்டக்களப்பில்தான். பழைய பின்தகட்டின் வர்ணத்தைச் சுரண்டியபோது ஸ்ரீ இருந்த இடத்தில் மட்டும் கீழே தார் போன்ற ஒரு கறுத்த படலம் தெரிந்தது. அது தாரா, துருப்பிடிக்காமலிருக்க எவரோ பூசிய பூச்சா என்று பெரியவராலும் சொல்ல முடியவில்லை. 1960இல் பதிவான காருக்குத் தாருக்கு வேலையில்லை என்றே என் பத்திரிகைப் புத்தி சொல்கிறது. கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை உண்மையாக்கிவிட முடியாது. புதிய தகட்டுக்கு அதே இலக்கத்தையும் அதே எழுத்தையும் எழுதக் கொடுத்தாயிற்று. பழைய தகடு என் மேசையில் இருக்கிறது.

வாடைக்காற்று தொடங்குவதற்குள் தரைத்தகடுகளை ஒட்டி முடித்தாக வேண்டும். மழையீரத்தில் வர்ணம் பூசினால் கொப்புளிக்கும் என்று பெரியவர் இப்போதே எச்சரிக்கிறார். கதவுத்தூணிலிருந்து கைபோல நீளும் திசைகாட்டிகளில் இடதுபக்கத்தது வேலை செய்கிறது. வலதுபக்கத்துக்கு உள்ளே கம்பிச்சுருள் எரிந்துபோயிருக்கிறது. எவரிடமாவது ஒன்று மீதமிருந்தால் எழுதுங்கள்.