எங்கள் வீட்டுப் பென்ஷன் சண்டை

எங்கள் வீட்டில் மாதம் தவறாமல் ஒரு சண்டை நடக்கும். மாமியார் மருமகள் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். என் மாமியார் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. இருந்த காலத்திலும் எங்களுக்குள் பெரிதாக ஒன்றும் வந்ததில்லை. இது ஆண்பிள்ளைகள் சண்டை. விஷயம், பென்ஷன்!

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஆடலூர் என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது. கொடைக்கானல் என்றால் உடனே ஏரியும் படகும் நினைவுக்கு வரும். அதே பழனி மலைத் தொடரில், அவ்வளவு உயரம் ஏறாமல், திண்டுக்கல் பக்கமாகக் கீழ் மலையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது எங்கள் ஊர். ஏரி இல்லை, படகு இல்லை. மர நிழலில் காப்பிச் செடி, மரத்தைக் கட்டிக்கொண்டு மிளகுக் கொடி, இடையிடையே மலை வாழை, ஆரஞ்சு. ராத்திரி யானை வந்தால் தகர டப்பாவைத் தட்டுவோம். மதுரையில் பிறந்த நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் அழுதேன். இப்போது மதுரைக்குப் போனால் இரண்டாம் நாளே மலை ஏறத் துடிக்கிறேன்!

வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள். மாமா, அதாவது என் மாமனார், சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து 2001ல் ஓய்வு பெற்றவர். பழைய திட்டத்துப் பென்ஷன் வாங்குகிறவர். என் வீட்டுக்காரர் ஆறு ஏக்கர் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குப் பென்ஷனும் இல்லை, ரிடையர்மெண்டும் இல்லை. "மிளகுக் கொடி பட்டுப் போகாமல் இருந்தால் அதுதான் என் பென்ஷன்" என்பார். கொழுந்தன் 2005ல் ஆசிரியர் உத்தியோகத்தில் சேர்ந்து சமவெளியில் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வருவார். அன்றைக்குத்தான் சண்டை.

கொழுந்தன் ஆரம்பிப்பார். "அப்பா, நீங்களும் வாத்தியார், நானும் வாத்தியார். உங்களுக்குச் சம்பளத்தில் பைசா பிடிக்காமல் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன் கொடுத்தார்கள். 2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு வேலைக்கு வந்த பாவத்துக்கு, என் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து பிடிக்கிறார்கள். சர்க்கார் இன்னொரு பத்துப் போடுகிறது. ஆனால் ஓய்வு பெறுகிறபோது மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். மாதா மாதம் என்று ஒன்றும் கிடையாது. அந்தப் பணத்தை நான் சாகிற தேதி தெரிந்து கணக்குப் பார்த்தா செலவழிப்பது?"

மாமாவுக்கு உற்சாகம் வந்துவிடும். 1982 டிசம்பர் 17ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு நகாரா என்பவர் வழக்கில் சொன்ன தீர்ப்பை இதோடு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பென்ஷன் என்பது எஜமானன் மனசிரங்கிப் போடுகிற பிச்சை இல்லை. செய்த வேலைக்காக ஏற்பட்ட உரிமை என்பது அதன் சாரம். அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள். தீபாவளியை மறந்தாலும் மாமா அந்த நாளை மறக்க மாட்டார். அன்றைக்குக் கேசரி கிண்ட வேண்டியது என் பொறுப்பு.

என் வீட்டுக்காரர் விடுவாரா? "சர்க்கார் வருமானத்தில் பெரும் பங்கு சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் வட்டிக்குமே போய்விடுகிறது. மிச்சத்தில்தான் ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம். தேசத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டரையாவது 2025க்குள் சர்க்கார் வைத்தியத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2017ல் மத்திய சர்க்காரே கொள்கை எழுதியது. வந்ததா அந்த இரண்டரை? உங்கள் இரண்டு பேருக்கும் பென்ஷன் வேண்டும். இந்த மலையில் நெஞ்சு வலி வந்தால் எனக்கு டாக்டர் வேண்டும். யாருக்கு முதலில் கொடுப்பது?"

இப்படியே போகும். 2003 ஜூலையில் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்த ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரையில் வேலை நீக்கம் செய்யப்பட்டதும், அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட்டு வேலை நிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று சொன்னதும் வரும். பிரான்சு தேசத்தில் 2023ல் ஓய்வு வயதை 62லிருந்து 64 ஆக்கப்போய் ஜனங்கள் வீதிக்கு வந்த கதையும் வரும். "பார்த்தாயா, வெள்ளைக்காரனே சண்டை போடுகிறான்!" என்பார் மாமா. மூன்று டம்ளர் காப்பியும் ஆறிப்போகும். மறுபடி சுட வைக்கிற எனக்கு என்ன பென்ஷன் என்று அந்த மூன்று பேரில் ஒருவராவது கேட்டதுண்டா? நீங்களே சொல்லுங்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 டிசம்பரில் நடந்தது இது.

எங்கள் தோட்டத்தில் ஆத்தா ஒருத்தி பழம் எடுக்க வருவாள். பெயர் வேண்டாம். நான் புது மருமகளாய் வந்தபோது, எந்தப் பழம் பறிக்கிற பதம், எதை இன்னும் நாலு நாள் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். என் மூத்த பிள்ளைக்கு மாந்தம் வந்தபோது மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். வயது என்னவென்று அவளுக்கே தெரியாது. ஆதாரில் எழுபத்தொன்று.

அன்று சாயந்திரம் பனி இறங்குகிற நேரம். கூடையை இறக்கி வைத்த ஆத்தா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைக்கிறது, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. "ஒண்ணுமில்லே தாயி, கொஞ்சம் சுடுதண்ணி குடு" என்கிறாள். அரை யாண்டு விடுமுறைக்கு வந்திருந்த கொழுந்தன் 108க்குப் போன் செய்தார். சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. வண்டி வருகிற வரையில் காத்திருக்க மனம் வராமல், இவர் ஜீப்பிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். முதலில் போன மலை ஆஸ்பத்திரியில் அந்நேரம் டாக்டர் இல்லை. இருந்தது ஒரே ஒரு நர்ஸ். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். பதறாமல் ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, எதிரே வந்துகொண்டிருந்த 108 வண்டியைத் தானே போனில் பிடித்து அங்கேயே வரவழைத்தாள். ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, என்னைப் பாருங்க, தூங்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கீழே பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பத்து மணி. இருதயத்தில் கோளாறு, நுரையீரலில் நீர் என்றார்கள். ஒன்பது நாள் வைத்துப் பார்த்துப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு ஒரு பைசா வாங்கவில்லை.

நர்ஸ் பெண்ணிடம் புறப்படும்போது, "பர்மனெண்டா அம்மா?" என்று கேட்டேன். "இல்லை அக்கா, தொகுப்பூதியம்" என்றாள். 2015லிருந்து இப்படி ஒப்பந்தத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான நர்சுகள் நிரந்தரம் கேட்டுப் போராடி வருவதைப் பேப்பரில் படித்திருக்கிறேன். முகத்தோடு பார்த்தது அன்றுதான்.

திரும்பி வரும் வழியில் இவர் வெகு நேரம் பேசவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மெள்ளச் சொன்னார்: "பென்ஷனா ஆஸ்பத்திரியா என்று இத்தனை நாள் பிரித்துப் பிரித்துப் பேசினேன். ஆஸ்பத்திரி என்றால் கட்டடமா? அந்தப் பெண்தானே ஆஸ்பத்திரி! நாளைக்கு அவளுக்கு வயதானால்?"

கொழுந்தனும் சும்மா இருக்கவில்லை. "நானும்தான் அண்ணே. எனக்கு என்ன வரும் என்று பார்த்தேனே ஒழிய, ஆத்தாவுக்கு என்ன வருகிறது என்று கேட்டதில்லை" என்றார்.

என்ன வருகிறது? முதியோர் உதவித் தொகை வருகிறது. 1962ல் சென்னை ராஜ்யத்தில் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. 2011ல் ஆயிரமாகி, 2023ல் 1,200 ஆயிற்று. கூட்டிக் கூட்டிக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் கும்பிடு. ஆனால் அதில் மத்திய சர்க்காரின் பங்கு, எண்பது வயது ஆகாதவர்களுக்கு, வெறும் 200 ரூபாய்தான். பெரிய தோட்டங்களிலே வேலை செய்தவர்களுக்காவது 1951லேயே ஒரு சட்டம் வந்தது. வீடு, வைத்தியம், பிள்ளைகளுக்குத் தொட்டில் கொட்டகை என்று முதலாளி செய்ய வேண்டியதையெல்லாம் எழுதி வைத்தது. எங்களைப் போன்ற ஆறு ஏக்கர்க்காரர்களின் தோட்டம் அதில் அடங்கவே இல்லை.

இதை நினைத்ததும் எனக்குச் சுருக்கென்றது, சகோதரிகளே. சர்க்கார் கொடுக்கவில்லை, சர்க்கார் கொடுக்கவில்லை என்று எங்கள் கூடத்தில் வருஷக் கணக்காகப் பேசினோம். முப்பது வருஷம் எங்கள் தோட்டத்திலே குனிந்து நிமிர்ந்தவளுக்கு நாங்கள் என்ன கொடுத்தோம்? தினக் கூலி, தீபாவளிக்குப் புடவை, பொங்கலுக்கு அரிசி வெல்லம். அவ்வளவுதான். நாங்களும் ஒரு சின்ன சர்க்கார்தானே?

2026 ஜனவரி பிறந்தது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதியாகத் தரும் புதிய பென்ஷன் திட்டத்தை அறிவித்தது. மத்திய சர்க்காரும் 2025 ஏப்ரலிலிருந்தே தன் ஊழியர்களுக்கு அந்த மாதிரி ஒன்று கொண்டுவந்திருந்தது. "ஆனாலும் பத்து சதவீதம் பிடிப்பார்களாம்" என்று கொழுந்தன் முணுமுணுத்தாலும் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பொங்கலன்று எல்லோரும் கூடியிருந்தபோது நான் வாயைத் திறந்தேன்.

"ஆத்தா இனிமேல் பழம் எடுக்க வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதா மாதம் அவளுக்கு நாம் இரண்டாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும்."

இவர் கொஞ்சம் யோசித்தார். "கொடுக்கலாம். விலை கிடைக்கிற வருஷம் கொடுப்போம். தருமம்தானே, முடிகிறபோது செய்வது."

மாமா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "விலை கிடைக்கிற வருஷம் மட்டும்தான் அவள் பழம் எடுத்தாளா?"

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. என் பென்ஷனில் ஆயிரம், தோட்டத்தில் ஆயிரம் என்று மாமாவே பாகம் பிரித்துவிட்டார். "பத்து சதவீதம் நானும் போடுகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணி!" என்று கொழுந்தன் சிரித்தார்.

மறுநாள் பணத்தை எடுத்துக்கொண்டு ஆத்தா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். நீட்டினேன். வாங்கவில்லை.

"இது என்ன தாயி?"

"செலவுக்கு வைத்துக்கொள் ஆத்தா."

"சும்மா காசு எதுக்கு? நான் இந்த வாரம் வேலைக்கே வரலியே. பிச்சைக் காசு எனக்கு வேண்டாம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாமாவின் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு அப்போது நினைவுக்கு வந்தது. "பிச்சை இல்லை ஆத்தா. பழைய கூலி பாக்கி. மாமா கணக்குப் பார்த்துக் கொடுத்தனுப்பினார். மாதா மாதம் கொஞ்சமாகத்தான் தீர்க்க முடியுமாம்."

ஆத்தா என்னையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி வாங்கி, எண்ணிப் பார்த்து, இடுப்புச் சுருக்குப் பையில் முடிந்துகொண்டாள். "வாத்தியாரய்யா கணக்கு தப்பாதே" என்றாள். அவ்வளவுதான். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. கூலி வாங்குகிறவர்கள் நன்றி சொல்வதில்லை அல்லவா?

அன்று ராத்திரி தோட்டத்துக் கணக்கு நோட்டை எடுத்தேன். "தரும காரியம்" என்று ஒரு பத்தி உண்டு. கோயில் நன்கொடை, அன்னதானம் எல்லாம் அதில் எழுதுவது. "கூலி" என்று இன்னொரு பத்தி. கூலிப் பத்தியில் எழுதி இவரிடம் காட்டினேன். பார்த்தார், அடிக்கவில்லை.

பாருங்கள், தமிழில் எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள்: ஓய்வூதியம்! ஓய்விலும் ஊதியம். உத்தியோகஸ்தர் வாங்கினால் அந்தப் பெயர். ஆத்தா வாங்கினால் உதவித் தொகை. குடும்பத் தலைவிகளுக்கு 2023 செப்டம்பரில் சர்க்கார் கொடுக்க ஆரம்பித்த ஆயிரம் ரூபாய்க்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். பெயரிலே என்ன என்று சிலர் கேட்டார்கள். ஆத்தா கை நீட்டினதைப் பார்த்த பிறகு நான் அப்படிக் கேட்க மாட்டேன்.

சண்டை தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறீர்களா? எங்கே தீரும்! யாருக்கு எவ்வளவு, பணம் எங்கிருந்து என்பதெல்லாம் பெரிய கணக்கு. பெரியவர்கள் கூடி அடித்துக்கொண்டு தீர்க்க வேண்டியது. போன ஞாயிற்றுக்கிழமைகூட மூன்று டம்ளர் ஆறிற்று. ஆனால் உங்கள் வீட்டிலும் பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க, பிள்ளை பார்க்க ஒருத்தி பல வருஷமாக வந்துகொண்டிருப்பாள். அவளுக்குக் கொடுப்பதை எந்தப் பத்தியில் எழுதுகிறீர்கள் என்று இன்று ராத்திரி ஒரு தடவை நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.