ராஜா ஊடாங்

1967. எனக்கு எட்டு வயது. சிங்கப்பூரின் கேலாங்கில், இரட்டைப்படை எண் கொண்ட லோரோங் (சந்து) ஒன்றில் கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தாத்தா என்னை எழுப்பிக் கடலுக்குக் கூட்டிப்போவார். குளிக்க அல்ல, குருவி பார்க்க.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இங்கே வந்தும் முட்டி தேயும்வரை தென்னை ஏறியே பிழைத்தார். மரம் ஏறுகிறவருக்குப் பறவையின் முதுகும் உச்சந்தலையும்தான் பழக்கம். "வயித்தைப் பார்த்து என்னத்தடா கண்டுபிடிப்பே?" என்று என்னைக் கேலி செய்வார்.

கேலாங் சிராய் வழியாக நடப்போம். சிராய் என்றால் எலுமிச்சைப் புல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அல்சகாஃப் குடும்பத்தார் அங்கே அந்தப் புல்லைப் பயிரிட்டு எண்ணெய் வடித்தார்கள். அதற்கு முன்பே தென்னையால் பேர்போன இடம். கேலாங் கிளாப்பா, அதாவது தென்னைக் கேலாங், என்றே வழங்கியது. என் காலத்தில் புல் இல்லை. கம்பத்து, அதாவது கிராமத்து, வீடுகளுக்கு நடுவே தென்னைகள் மட்டும் நின்றன. ஒவ்வொன்றையும் தாத்தா அண்ணாந்து பார்ப்பார், ஏறிவிடலாமா என்பதுபோல.

மஞ்சளாக ஒன்று ஓலைக்குள் பாயும். "மாங்குயில்டா. நம்ம ஊர்ல கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருக்கும். இது பின்னந்தலை வரைக்கும் இழுத்துக் கட்டியிருக்கு பாரு." செம்பருந்து வட்டமிட்டால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்தக் கம்பத்து மலாய்ப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்போம், வாசற்படியில் காப்பியோடு உட்கார்ந்து, "லாங் மேரா" என்று திருத்துவார். இருவரும் பாசார் (சந்தை) மலாயில் எல்லாவற்றிலும் ஒத்துப்போவார்கள், பறவையின் பெயர் ஒன்றைத் தவிர.

பெரிய வழக்கு, நீலமும் வெள்ளையுமான மீன்கொத்தி பற்றியது. ஊரில் தாத்தா பார்த்ததற்குச் செம்பழுப்பு வயிறு. இதற்குத் தூய வெள்ளை. (வயிற்றைப் பார்க்கக் கூடாது என்பது எனக்கு மட்டும்தான் சட்டம்.) பாக்சிக்கோ அதை ராஜா ஊடாங் என்பார். இறால் ராஜா. "இறாலுக்கு எதுக்குடா ராஜா?" என்று தாத்தா வழியெல்லாம் முணுமுணுப்பார். ஒருநாள் காத்தோங் கரையில் அது ஒரு நண்டைப் பிடித்துக் கல்லில் மடார் மடாரென்று அடித்தது. திரும்பும்போது பாக்சிக்கிடம் சொன்னேன். இரண்டு கிழவர்களும் என்னை முறைத்தார்கள்.

அந்தக் கரையை அப்போதே தூர்த்துக்கொண்டிருந்தார்கள். 1966இல் தொடங்கிய வேலை. பிடோக் குன்றுகளை வெட்டிய மண் கடலுக்குப் போனது. கடல் தள்ளித் தள்ளிப் போக, எங்கள் நடை நீண்டது. தாத்தாவின் முட்டி ஒருநாள் மாட்டேன் என்றது.

பிறகு கம்பத்தையும் எடுத்தார்கள். நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஒரு மத்தியானம் எதிர் பிளாக் ஆண்டெனாவில் கீ கீ கீ என்று ஒரே கத்தல்.

"என்னங்க அது?" என்றாள் பாட்டி.

"ராஜா ஊடாங்" என்றார் தாத்தா. கொஞ்சம் பொறுத்து என் பக்கம் திரும்பி, "பாக்சிக்குக்கு எந்தப் பக்கம்டா வீடு குடுத்தாங்க?" என்றார்.