பாட்டுக்குக் கையிருப்பு மின்சாரம்

விமான நிலையத்தில் பயணப் பெட்டியை நிறுக்கின்ற அலுவலர், கடவுச்சீட்டைத் திருப்பித் தருவதற்கு முன்னர், பெட்டிக்குள் பவர் பாங்க் இருக்கிறதா என்று கேட்கிறார். இருந்தால் அதனை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கறைக்குள் லித்தியம் பற்றரி தீப்பிடித்தால் உடனே அணைக்க அங்கே ஆளில்லை என்பதே காரணம். 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானமொன்று எரிந்துபோனது. அதிலிருந்தவர்கள் அனைவரும் உயிர் தப்பினார்கள். ஆசனத்துக்கு மேலுள்ள தட்டில் யாரோ வைத்த பவர் பாங்க் காரணமாயிருக்கக்கூடும் என விசாரணையாளர்கள் தெரிவித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் முதல் சிங்கப்பூர் எயர்லைன்சும், ஒக்ரோபர் முதல் எமிரேட்சும், விமானத்துக்குள் அதனைப் பயன்படுத்தக் கூடாதென அறிவித்தன. கொண்டு போகலாம், வயரைச் செருகக் கூடாது.

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ நல்லூர்த் திருவிழாவுக்கு வருகின்ற அன்பர்களுக்கு இது சிறியதொரு தொல்லைதான். ஆயினும் பாட்டுக் கேட்கும் கருவிக்கு வழியில் மின்சாரம் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதென்பது எனக்கு ஏனோ அவ்வளவு சிறிய விடயமாகத் தோன்றுவதில்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருளாக இருந்த ஊரிலே பல்கலைக்கழகம் போனவன் நான்.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், சீமெந்து ஆகியவற்றோடு பற்றரியும் சேர்ந்துகொண்டது. அரசின் பார்வையில் அது குண்டை இயக்கக்கூடிய பொருள். எங்களுடைய பார்வையில் அது செய்தி, பாட்டு, இரவில் கிணற்றடிக்குப் போகும்போது காலடியில் விழுகின்ற வெளிச்சம். தரைப்பாதைகள் மூடப்பட்டு, கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகில் கடந்து வந்த காலத்தில், வோக்மன் ஒன்றை எப்படியோ வீடு கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும் அதனுள்ளே போடுவதற்கு இரண்டு பென் ரோச் பற்றரி கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது.

ஆகவே தீர்ந்த பற்றரியை எவரும் எறியவில்லை. வெயிலில் காய வைத்தார்கள். சூடேறினால் உள்ளேயுள்ள இரசாயனம் சற்று உயிர்பெற்று, ஒரு செய்தி அறிக்கைக்குத் தாக்குப்பிடிக்கும். ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டவர்களும் உண்டு. உட்பசை உலர்ந்துபோன பற்றரிக்கு அது ஓரளவு வேலை செய்யும். பின்னர் கசிந்து றேடியோவின் தகடுகளை அரித்துவிடும். கொழும்பிலே விலை கொடுத்து வாங்கும் கையிருப்பைப் பழைய பற்றரியிலிருந்தே பிழிந்தெடுத்தோம் என்று சொல்லலாம்.

இவை எல்லாவற்றையும் வென்றது சைக்கிள் டைனமோ. பின்சில்லின் ரயரில் உரசிச் சுழலும் அந்தச் சிறு போத்தல் தருவது 6 வோல்ட், 3 வாட். பெரிய பற்றரி நான்கு போடுகின்ற றேடியோவுக்குத் தேவையானதும் அதே 6 வோல்ட்தான். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். செத்துப்போன றேடியோக்களிலிருந்து கழற்றிய டயோட்டுகளை இடையில் பொருத்தினார்கள். இரைச்சலைக் குறைப்பதற்கு ஒரு கொள்ளளவியையும் சேர்த்தார்கள். கலைப்பீடத்தில் படித்த எனக்கு மின்னியல் தெரிந்ததெல்லாம் இவ்வாறுதான். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து தமிழோசை கேட்பார்கள். சுற்றுவது பெரும்பாலும் வீட்டிலுள்ள சின்னவர்களின் வேலை. கை சோர்ந்தால் செய்தியாளரின் குரலும் தேயும். "சுத்தடா தம்பி" என்று அதட்டல் வரும்.

றேடியோ பொறுமையான சீவன். கசற் அப்படியல்ல. பெடல் தளர்ந்தால் மோட்டார் தளர்ந்து, சுசீலாவின் குரல் ஆண்குரலாக இறங்கிவிடும். உற்சாகமாகச் சுற்றினாலோ வோல்ட் எகிறிவிடும். 3 வோல்ட் மட்டும் கேட்கின்ற வோக்மனுக்கு அது ஆபத்து. எனவே பாட்டுக்குச் சுற்றுவதற்கு நிதானமான கை வேண்டும். அத்தகைய கையுடைய பையன்களுக்குக் கலியாண வீடுகளில் தனி மதிப்பு இருந்தது.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது சைக்கிள்கள் மூட்டை சுமந்தன. ஏறி ஓட இடமில்லை, உருட்டினோம். சில்லோடு டைனமோவும் வந்தது. மரமொன்றின் கீழ் மூட்டைகளை இறக்கி, சைக்கிளை நிமிர்த்தி, எங்களுக்கு என்ன நடந்ததென்பதை லண்டனிலிருந்து வந்த குரல் மூலம் அறிந்துகொண்டோம். செய்தி முடிந்தும் அந்தப் பெடலைச் சுற்றியவர் நிறுத்தவில்லை. முள்ளைத் திருப்பித் திருச்சி வானொலியைப் பிடித்தார். ஏதோவொரு பழைய பாட்டுப் போனது. எவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ட்ரெவர் பெய்லிஸ் என்ற ஆங்கிலேயர், ஆபிரிக்காவில் எயிட்ஸ் பரவுவது பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றை 1991இல் பார்த்துவிட்டு, பற்றரி வாங்க முடியாத மக்களுக்கென முறுக்கி இயக்கும் வானொலியை உருவாக்கினார். பின்னர் அது தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் தயாரிக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றது. அவருடைய புகழில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் சாவகச்சேரியிலும் சுன்னாகத்திலும் டயோட் பொருத்திய கைகளின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லையே என்ற மனக்குறை உண்டு.

இதிலொரு வேடிக்கையும் இருக்கிறது. நாங்கள் பற்றரியை வெயிலில் காய வைத்த அதே 1991இல்தான் சோனி நிறுவனம் லித்தியம் அயன் பற்றரியை முதன்முதலாகச் சந்தைக்கு விட்டது. அந்தக் கண்டுபிடிப்புக்காக 2019இல் மூவர் நோபல் பரிசு பெற்றார்கள். 2001இல் ஐபொட் வந்தபோது இந்தப் பற்றரி கருவிக்குள்ளே வைத்து மூடப்பட்டது. மெலிந்த கருவி, ஆயிரம் பாட்டு, எல்லாம் அழகுதான். ஆனால் மூடியைத் திறந்து வேறு இரண்டு பற்றரியைப் போடும் சுதந்திரம் போய்விட்டது. 1979இன் முதல் வோக்மனுக்கு எந்தப் பெட்டிக்கடையிலும் கையிருப்பு வாங்கலாம். பவர் பாங்க் என்பது, அவ்வாறு இழந்ததற்காக நாம் பின்னர் காசு கொடுத்து வாங்கிய ஊன்றுகோல்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது எனது ஆசிரியர் சொன்ன முதல் கட்டளை எழுத்தைப் பற்றியதல்ல. பேட்டி எடுக்கும் ஒலிப்பதிவுக் கருவியில் வழி நெடுகப் பாட்டுக் கேட்கக் கூடாது. கேட்பதென்றால் அதற்கு வேறு சோடிப் பற்றரி கொண்டுபோ என்றார். ஒரு சோடியில் மைப்புள்ளி இட்டு வைத்திருந்தேன், அது அமைச்சர்களுக்கு. மற்றச் சோடி இளையராஜாவுக்கு. நாடாவைப் பின்னுக்குச் சுற்றுவதற்கு மோட்டாரைப் பயன்படுத்தாமல், கசற்றின் பற்சில்லில் பேனையைச் செருகிச் சுற்றுவது வழக்கம். சுற்றும்போது பற்றரி மிக விரைவில் இறங்குமென்பதை அந்நாளில் எல்லோரும் அறிந்திருந்தோம்.

இப்போதைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 10,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பவர் பாங்கின் உள்ளேயுள்ள பற்றரி 3.7 வோல்ட், பெருக்கினால் 37 வாட் மணி. அதனை 5 வோல்ட்டாக மாற்றுகையில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். ஆகவே இன்றைய கைத்தொலைபேசியை ஒன்றரைத் தடவை நிரப்பினால் பெரிய காரியம். கடையில் இரண்டு மூன்று தடவை என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். விமானங்களில் பொதுவான எல்லை 100 வாட் மணி, அதாவது ஏறத்தாழ 27,000. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

பாட்டு உண்மையில் மிகச் சொற்ப மின்சாரத்தையே கேட்கிறது. விழுங்குவது தொலைபேசியின் திரையும் அதன் ஓயாத தொடர்பாடலும். பாட்டை முன்பே இறக்கி வைத்து, விமானப் பயண நிலையில் திரையை அணைத்துக் கேட்டுப் பாருங்கள். நான் பாட்டுக்கெனத் தனியாகச் சிறியதொரு கருவி வைத்திருக்கிறேன். அதன் பற்றரி சில நூறு மில்லி அம்பியர் மணிதான். நாள் முழுவதும் பாடிய பின்னும் மிச்சமிருக்கும். 2022 மார்ச் இறுதியில் இந்த நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டபோது வீட்டில் கடைசிவரை பேசியது அதுவே. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருளில் ஆழ்த்தியதாக அறிவிக்கப்பட்டபோதும் அப்படியே.

மேற்சொன்ன கணக்கெல்லாம் விமானத்துக்கும் புகையிரதத்துக்கும் மட்டுமே பொருந்தும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் இரவுப் பேருந்தில் ஏறுகின்ற அன்பர்கள் எந்தப் பற்றரியும் கொண்டுவரத் தேவையில்லை. சாரதி தமக்குப் பிடித்த பாட்டை விடியும்வரை எல்லோருக்குமாகப் போடுவார்.